வழுவும் வடுவும்



தஞ்சைப் பெருவுடையார் கோயிலை வலம் வருவோர் பெரும்பாலும் விமானத்தை அண்ணாந்து பார்த்தவாறே நடப்பர். கண்ணளவில் அதிட்டானத்திலும் திருச்சுற்று மாளிகையிலும் வெட்டப்பெற்றுள்ள எழுத்துகளின்முன் நின்று படிப்போர் சிலரே. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் இறைவனுக்கு அளித்த அணிகலன்களின் பட்டியல் அங்கே உள்ளது. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லாலும், மணி இழைத்த நகைகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் பெயருடைய கல்லாலும் நிறுத்து எழுதியிருக்கின்றனர். இவ்வளவும் பலரும் அறிந்ததே. பட்டியலை எழுதியவர்கள் குறைகளையும் விடாது எழுதினர் என்பதுதான் இன்றைய உரைக்கு உரிய செய்தி.

முத்துகளைச் சொல்லுமிடத்தில் வட்டமானவற்றோடு கறடும், இரட்டையும், சப்பத்தியும் கூறப்படுகின்றன. வயிரங்களைச் சொல்லுமிடத்தில் பொறிவுடையன, முறிவுடையன, வெந்தன என்ற சொற்கள் வருகின்றன. இரத்தபிந்து, காகபிந்து எனச் செம்புள்ளியும் கரும்புள்ளியும் தனித்துச் சுட்டப்படுகின்றன. கொடுத்தவன் பேரரசன், பெற்றவர் இறைவர். ஆயினும் குறை மறைக்கப்படவில்லை. இச்சொற்களை ஊன்றி நோக்கினால் அவை இருவகையாகப் பிரிவதைக் காணலாம். இரட்டை முத்து சிப்பிக்குள்ளேயே இரட்டையாக விளைந்தது. கரும்புள்ளி கல்லோடு பிறந்தது. ஆனால் முறிவும் வெந்ததும் பின்னர் வந்தவை. கையோ நெருப்போ செய்தவை. பிறவியில் வந்த குறை வேறு, வாழ்வில் பட்ட காயம் வேறு என்பதைத் தஞ்சையின் கருவூலத்தார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லால் வேறுபடுத்தினர்.

தமிழில் இவ்விரண்டையும் குறிக்க ஓர் எழுத்தே வேறுபட்ட இரு சொற்கள் உள்ளன. ஒன்று வழு, மற்றொன்று வடு. இலக்கணம் பயின்றோர்க்கு வழு என்பது ஆக்கத்தின்போதே நேரும் பிழை. வடு என்பது காயம் ஆறியபின் நிற்கும் தழும்பு. பழங்காசு ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்கவேண்டிய வினா இதுவே: இக்காசில் தெரியும் குறை அக்கசாலையில் நேர்ந்த வழுவா, அக்கசாலையை விட்டுப் புறப்பட்டபின் ஏற்பட்ட வடுவா? இவ்வினாவைக் கேளாமல் காசைப் படிப்பவர், செல்லரித்த துளையைச் சுழி என்று வாசித்த ஏட்டுவாசகர் போல்வர்.

காசை நோட்டம் பார்ப்பது இழிந்த தொழிலாக இந்நாட்டில் கருதப்பட்டதில்லை. நாணயம் நோட்டம் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் வரிசையிலேயே வண்ணக்கன் என்ற அடைபெற்ற பெயர்கள் பல உள்ளன. வடம வண்ணக்கன் தாமோதரனார் அவர்களுள் ஒருவர். பொன்னின் மாற்றறிந்த கண்ணும் சொல்லின் மாற்றறிந்த செவியும் ஒருவரிடமே அமைந்திருந்தன போலும்.

வழு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய அக்கசாலையின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். உலோகத்தை உருக்கி வார்த்தோ, தகட்டிலிருந்து வெட்டியோ வில்லைகளை முதலில் ஆக்குவர். கீழச்சு பட்டடையில் உறுதியாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் வில்லையை வைத்து, வில்லையின்மேல் மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். அச்சில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கும். ஆதலின் காசில் அது மேடாகவும் நேராகவும் எழும். இவ்வளவே தொழில். இதில் பிழை நுழைவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன: வில்லை, அச்சு, அடி. அடி விழுந்து முடிந்த கணத்திற்குப் பின் காசின் உடலில் நேர்வன யாவும் வடு.

இனி, இந்த வேறுபாடு ஏன் முதன்மையுடையது என்பதற்குச் சோழநாட்டாருக்கு மிக அண்மையான சான்று ஒன்றைச் சொல்லவேண்டும். இராசராசனின் செப்புக்காசு இங்கே பலர் கண்டிருக்கக்கூடியது. ஒருபுறம் நின்ற மனித உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீராஜராஜ’ என்னும் பெயர் அடுக்கடுக்காக எழுதப்பட்டிருக்கும். அவன் ஆட்சி 985 முதல் 1014 வரை. இலங்கையில் சோழர் ஆட்சி நடந்த காலத்தில் இக்காசு அங்கும் பெருவழக்குப் பெற்றது. சோழர் அங்கிருந்து அகன்ற பின்னரும் அதன் வடிவம் அகலவில்லை. பொலன்னறுவையை ஆண்ட மன்னர்கள் அதே நின்ற உருவத்தையும் அதே அமர்ந்த உருவத்தையும் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிக் காசு அடித்தனர். முதலாம் பராக்கிரமபாகுவின் காசு அத்தகையது. அவன் தேவியாகிய லீலாவதி 1197க்கும் 1212க்கும் இடையில் மும்முறை அரியணை ஏறினாள். அவளும் காசு வெளியிட்டாள். அதில் உள்ள பெயர் ‘ஸ்ரீராஜ லீலாவதி’ என்பது.

சிக்கல் எங்கே என்பது இப்போது விளங்கும். மேலே ‘ஸ்ரீராஜ’ என்பது மட்டும் தெரிய, கீழே எழுத்துகள் தெரியாத ஒரு செப்புக்காசு கிடைக்கிறது என்று கொள்க. அது தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்தவனுடையதா, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துக் கடலுக்கு அப்பால் முடிசூடிய ஓர் அரசியினுடையதா? சோழ மன்னன் காசு இலங்கையில் கிடைக்கிறது. இலங்கைக் காசு சோழநாட்டுக் கரையில் கிடைப்பதும் உண்டு. ஆதலின் கிடைத்த இடம் முடிவு சொல்லாது. எழுத்து ஏன் தெரியவில்லை என்பதே முடிவுக்கு வழி. வில்லை சிறிதாக இருந்ததாலோ அடி ஒதுங்கி விழுந்ததாலோ அவ்வெழுத்து காசில் விழவே இல்லை எனில், எவ்வளவு தேடினும் அது கிடைக்காது; உருவங்களின் செதுக்கு முறையும் எஞ்சிய எழுத்தின் சாயலுமே துணை. அச்சின் குழியில் எண்ணெயும் தூசும் அடைத்து எழுத்து எழும்பாமற் போயிருந்தால், அதே அச்சில் அடித்த வேறொரு காசு உதவலாம். கைபட்டுத் தேய்ந்திருந்தால் சாய்ந்த ஒளியில் நிழல் போலேனும் அடிக்கோடு தெரியும். களிம்பு மூடியிருந்தால் எழுத்து உள்ளே முழுமையாக உறங்கிக்கொண்டிருக்கலாம். நான்கு காரணம், நான்கு வழி. காரணத்தை அறியாமல் காசின்மேல் கைவைப்பவர் நான்காம் வகையைச் சேர்ந்த காசையும் மூன்றாம் வகையாக்கிவிடுவர்.

காரணத்தைக் கண்டறிய முதல் அளவுகோல் மேடும் பள்ளமும். இது எளிய உண்மையாயினும் நன்கு பழகினவரும் தவறுமிடம். அச்சில் விரிசல் விழுந்தால் அடுத்து அடிக்கும்போது உலோகம் அவ்விரிசலுக்குள் புகும். காசில் அது மயிரிழை போன்ற மேட்டுக்கோடாக எழும். காசின்மேல் பின்னர் ஏதேனும் கீறினால் அது பள்ளக்கோடாக அமையும். ஆகவே எழுத்தின் குறுக்கே ஓடும் கோடு மேடாயின் அச்சின் வழு. பள்ளமாயின் பெரும்பாலும் வடு. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை இங்கே விடலாகாது. வில்லைக்கும் அச்சுக்கும் நடுவே மணலோ உலோகத் துணுக்கோ சிக்கினால், பள்ளமும் அக்கசாலையிலேயே பிறக்கும். மறுதலையாக, செம்பில் கொப்புளம் போல் எழும் களிம்பு முடிச்சு மேடாகத் தோன்றினும் அச்சுக்குரியதன்று. அது உலோகத்தின்மேல் அமர்ந்திருப்பது, நிறத்தாலும் வேறுபட்டது, பெயர்த்தால் அடியில் குழியை விட்டுச் செல்வது. கீறலின் இருகரையிலும் உலோகம் ஒதுங்கிச் சிறுவரம்பு எழும். வயலில் வாய்க்கால் வெட்டினால் மண் இருபுறமும் வரப்பாக ஒதுங்குவது போல. அந்த வரம்பைக் கண்டு மயங்கி அச்சின் கோடு என்று எழுதியவர்களும் உளர்.

இரண்டாம் அளவுகோல் ஒப்பீடு. இதைத் தமிழ் பயின்றோர்க்கு விளக்கவேண்டியதில்லை. கும்பகோணத்திலேயே அதற்குப் பெருஞ்சான்று உள்ளது. 1880 முதல் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடிப் பதிப்பாளர் எதிர்கொள்ளும் குறைகளும் இருவகையே. ஏடெழுதுவோன் செய்த பிழை, அவ்வேட்டைப் பார்த்து எழுதப்பட்ட படிகளிலெல்லாம் தொடர்ந்து வரும். பல சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் காட்டினால் அவை ஒரு தாயின் மக்கள் என்று கொள்வர். செல்லரிப்போ, ஒரு சுவடிக்கு ஓரிடம், மற்றொரு சுவடிக்கு வேறிடம். கரையான் இரண்டு சுவடிகளை ஒரே எழுத்தில் தின்பதில்லை. காசுக்கும் இதுவே நெறி. அச்சு என்பது தாயேடு. காசுகள் அதன் படிகள். ஒரே இடத்தில், ஒரே வடிவில், ஒரே குறை நான்கு காசுகளில் தெரிந்தால் அது அச்சின் வழு என்பதில் ஐயமில்லை. மேலும் அச்சின் விரிசல் நாளாக ஆக நீளும். குறுகிய கோடு உள்ள காசு முந்தியது, நீண்ட கோடு உள்ளது பிந்தியது என ஓர் அக்கசாலையின் நாள்வரிசையையே அக்குறையைக் கொண்டு அடுக்கிவிடலாம். பிழையே சான்றாகும் விந்தை இது. ஒற்றைக் காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அச்சுப்பிழை என்று அறுதியிடுவோர், ஒற்றைச் சுவடியை வைத்துக்கொண்டு பாடபேதம் சொல்வோரைப் போன்றவரே.

அடியில் நேரும் வழுக்களுள் இரண்டைக் குறிப்பிட்டால் போதும். ஒன்று இரட்டையடி. முதல் அடி விழுந்தபின் வில்லை சற்றே நகர, மீண்டும் ஓர் அடி விழும். உருவம் இருமுறை தெரியும். இரண்டாம் அடியின் அழுத்தத்தில் முதலடியின் உருவம் மங்கித் தட்டையாகியிருக்கும். இரண்டு உருவமும் நேரானவையாகவே இருக்கும். மற்றொன்று இன்னும் விந்தையானது. அடித்த காசு சிலவேளை மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், அதன் கீழ்ப்புறம் கீழச்சின் உருவம் முறைப்படி மேடாக விழ, மேற்புறம் ஒட்டியிருந்த காசு தன் உருவத்தைப் பதித்துவிடும். ஒரே உருவம் ஒருபுறம் மேடாகவும் மறுபுறம் குழிந்து இடவலம் மாறியும் நிற்கும். கையால் அடித்த காலத்துக் காசுகளில் உலகெங்கும் காணப்படும் வழு இது. இதனைப் போலியாகச் செய்ய விரும்புவோர் இரு காசுகளைச் சேர்த்துப் பிடிப்பானில் இறுக்குவர். அப்போதும் குழிந்த உருவம் விழும். ஆனால் அதன் அடியில் முன்பிருந்த உருவம் நசுங்கிக் கிடக்கும். உண்மை வழுவில் அவ்வாறு கிடக்க வேறோர் உருவமே இல்லை.

வழுக்களுள் எல்லாம் மிகப் பரவலானது, உருவம் ஒதுங்கி விழுதல். நாயக்கர், மராட்டியர் காலத்துச் சிறு செப்புக்காசுகளில் அச்சைவிட வில்லை சிறியதாக இருத்தல் பெருவழக்கு. தெய்வ உருவத்தின் தலை ஒரு காசில் இராது. கால் மற்றொன்றில் இராது. எழுத்தில் பாதி எதிலும் இராது. இதைப் புதிதாகப் பார்ப்பவர், ‘ஓரம் வெட்டுண்ட காசு’ என்று எழுதிவிடுவார். ஆனால் அன்று அதை வாங்கியவரோ கொடுத்தவரோ குறையாகக் கருதியிருக்க மாட்டார்கள். இலக்கணிகள் வழுவமைதி என்பார்களே, அதுவே இது: முறை பிறழ்ந்தது, ஆயினும் வழக்கு ஏற்றுக்கொண்டது. உண்மையில் வெட்டுண்டதா என்பதை அறியத் தராசு போதும். உருவம் குறைந்தும் நிறை குறையாதிருந்தால் அடி ஒதுங்கியது. உருவமும் நிறையும் ஒருங்கே குறைந்திருந்தால் வெட்டையோ அரிப்பையோ ஐயுறவேண்டும். தஞ்சைக் கருவூலத்தார் எதையும் நிறுத்தே எழுதினர். இன்று காசு பற்றி எழுதப்படும் கட்டுரைகள் சிலவற்றில் நிறையே காணப்படுவதில்லை.

வெட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய முத்திரைக் காசுகளில், வெள்ளித்தகட்டை வெட்டியபின் நிறையைச் சரிசெய்ய மூலையை நறுக்குவர். அதன்பின்தான் முத்திரைகளை அடிப்பர். நறுக்கிய விளிம்பின்மேல் முத்திரை ஏறியிருந்தால் நறுக்கியவன் அக்கசாலையினனே. முத்திரையின் நடுவே வெட்டு ஓடினால் அது பிந்தியவன் கை. எது எதன்மேல் அமர்ந்துள்ளது என்று பார்ப்பதே இங்கும் நெறி. துளைக்கும் இவ்வாறே. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டங்களில் விக்கிரமம், தளிக்கோட்டை முதலிய ஊர்களில் சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. அவற்றின் நடுவில் உள்ள சதுரத்துளை வார்ப்பிலேயே அமைந்தது. அவை அடித்த காசுகள் அல்ல, அச்சில் உருக்கி ஊற்றியவை. அவற்றில் காணும் சிறுகுழிகள் காற்றுக்குமிழ் விட்ட தடங்கள். விளிம்பு வழுவழுப்பாக, வட்டமாக இருக்கும். சுவாமிமலைத் தபதியரிடம் காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவர். காவிரி வண்டலில் கருக்கட்டி உலோகம் ஊற்றுபவர்க்கு வார்ப்புக்குழி இன்னது, அரிப்புக்குழி இன்னது என்பதைப் புத்தகம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் சோழக் காசு ஒன்றின் ஓரத்தில் துளையிருந்தால் அது யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் காசுமாலையாகக் கிடந்தது. துளையின் ஒருபுறம் உலோகம் உள்வாங்கியும் மறுபுறம் பிதுங்கியும் இருப்பதே சாட்சி. வளையம் பற்றவைத்த தடமும் அத்தகையதே. விற்பவர் இதைக் குறை என்று விலை குறைப்பார். பயில்பவர்க்கு அது காசின் இரண்டாம் வரலாறு.

வடுவே வரலாறாக நிற்பதற்கு இப்பகுதியிலேயே மிகப் பெரிய சான்று, தஞ்சைக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்தது. 1898இல் அங்கே உரோமப் பொற்காசுகள் 501 அடங்கிய புதையல் ஒன்று வெளிப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் அதனை ஆராய்ந்து எழுதினார். அக்காசுகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு ஒன்று ஆழமாக ஓடுகிறது. ஒன்றிரண்டில் இருந்தால் உழுபடை தைத்தது எனலாம். நூற்றுக்கணக்கில், தலைப்பக்கத்திலேயே, முகத்தின் குறுக்கே இருப்பதைத் தற்செயல் என்று எவரும் சொல்லார். அதேபோல அச்சின் வழு என்றும் சொல்ல இயலாது: வெட்டு பள்ளமாக உள்ளது, காசுக்குக் காசு கோணமும் நீளமும் மாறுகின்றன, வெவ்வேறு பேரரசர்களின், வெவ்வேறு அச்சுகளின் காசுகளில் ஒரே செயல் தோன்றுகிறது. ஆகவே அது காசு பிறந்தபின், பிறந்த ஊருக்கு நெடுந்தொலைவில், திட்டமிட்டுச் செய்யப்பட்டது.

ஏன் செய்தனர்? இவை இனிக் காசாகச் செல்லா, பொன்னாகவே உருக்கப்படும் என்று காட்டவே வெட்டினர் என்பது பலர் ஏற்கும் கருத்து. உள்ளே வேறு உலோகம் உள்ளதா என்று நோட்டம் பார்த்த வெட்டு என்போரும் உண்டு. நோட்டம் பார்க்க ஒரு சிறுவெட்டு விளிம்பில் போதுமே, முகத்தைச் சிதைப்பானேன் என்ற வினா அதற்கு எதிர்நிற்பதால் முதற்கருத்தே வலுவுடையது. எதுவாயினும், உரோமப் பேரரசன் முகத்தின்மேல் உளி வைத்த கை, அம்முகத்துக்கு இங்கே அதிகாரம் இல்லை, பொன்னுக்கே மதிப்பு என்று கண்ட கை. அவ்வெட்டு இல்லாதிருந்தால் அப்புதையல் ஐந்நூறு அழகிய காசுகள் மட்டுமே. வடு இருப்பதால்தான் அது தமிழகத்தின் வணிக வரலாற்றில் ஓர் ஏடாயிற்று.

இச்சான்று மற்றொன்றையும் உணர்த்துகிறது. குறையின்மேல் பழைய படலம் படிந்திருந்தால் அது அக்கசாலைக்குரியது என்று சிலர் விதி வகுப்பர். அவ்விதி பிழையானது. பழங்காலத்தில் பட்ட வடுவின்மேலும் பழைய படலமே படியும். புதிய செம்பு பளிச்சிட்டால் வடு புதியது என்று உறுதியாகச் சொல்லலாம். பளிச்சிடாவிட்டால் அது பழையது என்பதற்குமேல் எதுவும் சொல்ல இயலாது. வயது வேறு, பிறப்பு வேறு.

காவிரிப்படுகையின் மண் காசுகளுக்கு இனிய படுக்கை அன்று. குறுவையும் சம்பாவும் விளையும் வயல் பல மாதம் நீரில் கிடக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி வரும் இம்மண்ணில் செம்பு அடுக்கடுக்காகக் களிம்பேறுகிறது. கடலோரம் செல்லச்செல்ல உப்பும் சேர்ந்துகொள்கிறது. நாகப்பட்டினம், பூம்புகார்ப் பக்கத்துச் செப்புக்காசில் வெளிர்பச்சைத் தூள் பூப்பதைக் கண்டால், அது உப்பு உள்ளே நின்று உலோகத்தைத் தின்றுகொண்டிருப்பதன் அறிகுறி. பேழையில் பூட்டி வைத்தாலும் நிற்காது. தரங்கம்பாடியில் டேனியர் அடித்த ஈயக்காசுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஈயம் மெல்லியது, வெண்படலம் பூத்து எழுத்தை எளிதில் இழப்பது. ஆற்றில் கிடந்த காசு வேறுவகை. மணலோடு உருண்டு உருண்டு விளிம்பு மழுங்கி, உருவங்கள் நீரில் கரைந்தன போலத் தோன்றும். கருவூரில் அமராவதி மணலை அரித்துக் காசு எடுப்போர் இதை நன்கறிவர். தேய்மானம் மேடான இடத்தை முதலில் உண்ணும். பள்ளத்தில் உருவம் எஞ்சும். வலுவற்ற அடியால் எழும்பாத உருவமோ இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் மங்கியிருக்கும். அங்கே வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே நிற்கும். இவ்விரண்டையும் வேறுபிரித்தறிய ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும், பக்கவாட்டில் விழும் காலை வெயிலும் போதும்.

ஆனால் இயற்கை செய்த கேட்டைவிட அன்பு செய்த கேடு பெரிது. வாய்க்கால் தூர்வாரும்போதோ வயலைச் சமன்செய்யும்போதோ ஒரு காசு கிடைத்தவுடன் வீட்டில் நடக்கும் முதற்காரியம், புளி போட்டுத் தேய்த்தல். பூசைப் பாத்திரத்தைத் துலக்கும் கை, காசையும் அவ்வாறே துலக்குகிறது. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், உண்மை. ஆனால் நெடுங்காலம் களிம்பேறிய காசில் எழுத்தின் மேற்பரப்பு உலோகத்தில் இல்லை. களிம்பின் ஓர் அடுக்கிலேயே இருக்கிறது. களிம்பு போனால் எழுத்தும் போயிற்று. எஞ்சுவது செந்நிறமாக மின்னும் ஒரு வெற்றுத்தகடு. ‘ஸ்ரீராஜ’ என்பதன் கீழே உறங்கிக்கொண்டிருந்த எழுத்து எது என்று அதன்பின் எந்த அறிஞராலும் சொல்ல இயலாது. கம்பித்தூரிகையும் நகைக்கடை அமிலமும் இதனினும் விரைவாக அழிப்பவை. அவை ஏற்படுத்தும் இணைகோடுகள் அச்சைத் தீட்டிய கோடுகளைப் போலவே தோன்றி அடுத்து வருபவரையும் ஏமாற்றும். அச்சைத் தீட்டிய கோடு காசில் மேடு, எழுத்துவரை வந்து நின்றுவிடும். தூரிகைக்கோடு பள்ளம், எழுத்தின்மேலும் ஏறிச்செல்லும். இவ்வேறுபாடு ஒன்றே அப்போது துணை.

அண்மைக்காலத்தில் பிழைக்கு விலை ஏறியிருப்பதையும் சொல்லவேண்டும். 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு செண்டுக் காசுக்கான அச்சு ஆக்கப்படும்போது உருவம் சற்றே விலகி இருமுறை பதிந்துவிட்டது. அவ்வச்சில் அடித்த காசுகளிலெல்லாம் ஆண்டும் எழுத்தும் இரட்டையாக விழுந்தன. அது இன்று பெருவிலை பெறுகிறது. அதுபோன்ற செய்திகள் பரவியபின், இங்கும் இந்தியக் காசுகளை அரத்தால் இழைத்தும் பிடிப்பானில் நசுக்கியும் ‘அரிய பிழை’ என்று விற்போர் தோன்றினர். வடுவை வழுவென்று விற்கும் வணிகம் இது. அதைக் கண்டறியவும் மேற்சொன்ன மேடு, பள்ளம், நிறை, ஒப்பீடு ஆகியவையே போதும். வாங்கி ஏமாறுபவருக்குப் பணம்தான் நட்டம். ஆனால் அத்தகைய காசு பழங்காசு வரிசையில் புகுந்து ஒரு கட்டுரையில் இடம்பெற்றால் நட்டம் பெரிது.

புதையலாகக் கிடைப்பவற்றைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஊர்தோறும் உள்ள தமிழாசிரியரிடமே பல காசுகள் முதலில் வந்து சேர்கின்றன. எழுத்தைப் படித்துச் சொல்வார் என்ற நம்பிக்கை. அவ்வாறு ஒரு காசு கைக்கு வரும்போது ஒரு தாளில் எழுதவேண்டியவை சிலவே. எந்த ஊர், எந்த வயல் அல்லது வாய்க்கால், எவ்வளவு ஆழம்; நிறை எத்தனை கிராம், குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர்; இருபுறமும் தெரிவது என்ன. தெரியாத எழுத்துக்குப் புள்ளியிடுதல் வேண்டும். கல்வெட்டுத் தொகுதிகளைப் பதிப்பித்தோர் சிதைந்த இடத்தில் செய்தது போல. ஊகித்த எழுத்தைத் தெரிந்த எழுத்தோடு கலந்து எழுதலாகாது. புள்ளியிட்ட இடத்தின் அருகே, எழுத்து ஏன் இல்லை என்பதை ஒரு சொல்லால் குறிக்கலாம்: ஒதுங்கியது, எழும்பவில்லை, தேய்ந்தது, களிம்பு, வெட்டு, துளை, வெந்தது. கடைசியில் ஒரு குறிப்பு, காசு கழுவப்பட்டதா, இல்லையா. இல்லை என்று எழுத வாய்த்தால், உலர்ந்த பருத்தித்துணியில் அல்லது தாளுறையில் அதை வைத்து, தாளையும் உடன் வைத்து மூடிவிடலாம்.